மறு அறிவித்தல் வரை

டொக்டர் ஜவாஹிர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தது அது மூன்றாவது முறை. முதல் முறை விண்ணப்பித்தபோது அவருக்குத் தலையில் முடி இருந்தது. இரண்டாவது முறை படிவம் மாறிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை விண்ணப்பிக்க அவருக்கு மனமே இல்லை. மனைவி ஷிஹானாதான், "போட்டு வையுங்கோ. கிடைக்காட்டிலும் கேட்டனாங்கள் எண்டு இருக்கட்டும்" என்றாள். ஷிஹானா வவுனியாவில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள். அரசாங்கக் கந்தோர்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது அவளுக்குச் சரியாகத் தெரியும்.

ஜவாஹிர் முல்லைத்தீவில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது, பதினெட்டு வயதில், ஊரோடு ஊராக வெளியேறிப் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்து படித்து மருத்துவ பீடத்துக்குப் போனார். மேற்படிப்புக்கு அவர் குடும்ப மருத்துவத்தை எடுத்தபோது கூடப் படித்தவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல ஒவ்வொருவராக வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எல்லாரும் இதயம், சிறுநீரகம், கண், காது என்று ஆளுக்கொரு உறுப்பைப் பங்கு பிரித்துக்கொண்டு விட்டிருந்தார்கள். உனக்கு எந்த உறுப்பு என்று கேட்டால் ஜவாஹிரிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "முழு ஆளையும் பார்க்கிறது" என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காதவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதை அது என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

புளியங்குளத்துக்குக் கிட்ட ஒரு மருத்துவ பீடம் புதிதாகத் திறந்தபோது குடும்ப மருத்துவத் துறைக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். துறையில் வேறு ஆள் இல்லை. ஆனால் துறைக் கூட்டம் மாதம் ஒருமுறை கூட வேண்டும், கூட்ட அறிக்கை பீடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆகவே பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு மாதக் கடைசிப் புதன்கிழமையும் ஜவாஹிர் தன் அறையில் தனியே இருந்து கூட்டம் நடத்தி வந்தார். சென்ற கூட்ட அறிக்கையை அவரே முன்மொழிவார். வழிமொழிய ஆள் இல்லாததால் பன்னிரண்டு வருடத்து அறிக்கைகளும் இன்னும் ஏற்றுக்கொள்ளப்படாமல்தான் கிடக்கின்றன.

மற்றப்படி அவருடைய வேலை உடையார்கட்டில் இருந்தது. தொண்டு நிறுவனம் ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டுப் போன இரண்டு அறைக் கட்டடத்தில் பீடத்தின் குடும்ப சுகாதார நிலையம் நடந்தது. திங்கள், செவ்வாய், வியாழன் காலைகளில் ஜவாஹிர் வவுனியாவிலிருந்து தன் பழைய காரில் வருவார். மாணவர்கள் நாலைந்து பேர் பீடத்து வானில் வந்து இறங்குவார்கள். தாதி சிவலட்சுமி அதற்கு முன்பே வந்து நிறை பார்த்து, பிறசர் பார்த்து, வாங்கில் வரிசைப்படி ஆட்களை இருத்தி வைத்திருப்பா. நானூற்றுச் சொச்சம் குடும்பங்கள். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை யார் யாருக்குச் சீனி ஏறும், எந்த மனிதர் குளிசை போட்டேன் என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வார், எந்தப் பெண்ணுடைய தலையிடிக்குத் தலையில் காரணம் இல்லை என்பதெல்லாம் ஜவாஹிருக்கு மனப்பாடம். இதற்குப் பெயர்தான் குடும்ப மருத்துவம் என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பரீட்சையில் அது வராது என்பதால் அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விண்ணப்பம் போட்டு ஒரு மாதத்தில் பீடாதிபதி கூப்பிட்டனுப்பினார்.

பீடாதிபதி பேராசிரியர் தவராசா எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் கடைசியாக ஒரு முறிந்த எலும்பைக் கண்டு ஒன்பது வருடமாகிறது. அதுவும் அவருடைய சொந்த மணிக்கட்டு. நிர்வாகம் அவ்வளவு நேரத்தையும் தின்றுவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, புள்ளித் திட்டத்தை மேசையில் விரித்து வைத்து, ஒரு தகப்பனைப்போல விளங்கப்படுத்தினார். ஆய்வுக் கட்டுரைக்கு இத்தனை புள்ளி, மாநாட்டில் பேசினால் இத்தனை, மாநாட்டை ஒழுங்கு செய்தால் அதைவிடக் கூட, ஒரு குழுவில் இருந்தால் அரை, அந்தக் குழுவை மேற்பார்வை செய்யும் குழுவில் இருந்தால் ஒன்று.

"உங்கட சேவையை ஒருத்தரும் குறைச்சுச் சொல்லேல்லை, ஜவாஹிர். சேவைக்கு ஆகக் கூடினது ரெண்டு புள்ளி. ரெண்டையும் உங்களுக்குத் தந்தாச்சு. இனி இருபது வருசம் பார்த்தாலும் அதே ரெண்டுதான். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். வருத்தக்காரர் ஒரு பேராசிரியரை உருவாக்க மாட்டினம்."

ஜவாஹிர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அப்படியென்றால் ஆய்வு ஒன்று செய்கிறேன் என்றார். அவரிடம் வேறு எவரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரே வைத்தியரிடம் வந்துகொண்டிருக்கும் நானூறு குடும்பங்களின் கிளினிக் கொப்பிகள். ஒரே வைத்தியரைத் தொடர்ந்து காண்பதால் நோயாளிக்கு நன்மை உண்டா என்பதே அவருடைய கேள்வி. நாற்பது பக்கத்தில் ஆய்வுத் திட்டம் எழுதி ஆய்வு அறநெறிக் குழுவுக்கு அனுப்பினார். குழு பதினொரு மாதம் யோசித்தது. பிறகு பதில் வந்தது. ஆய்வாளர் நோயாளிகளை முன்பே அறிந்திருப்பது பக்கச்சார்புக்கு இடமளிக்கும் என்று குழு கவலை தெரிவித்திருந்தது. ஆகவே ஆய்வாளர் இதற்குமுன் ஒருபோதும் கண்டிராத நோயாளிகளைத் தெரிவு செய்ய வேண்டும். ஆய்வு தொடங்கிய பின்னரும் அவர்களைக் காணாமலிருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். இந்தத் திருத்தங்களோடு மீண்டும் சமர்ப்பித்தால் குழு அனுதாபத்தோடு பரிசீலிக்கும்.

ஜவாஹிர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு உடையார்கட்டுக்குப் போனார். அன்று ஐம்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தர மதிப்பீடு வந்தது. வெளியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்து பீடத்தைப் பார்வையிட்டு ஏ, பி, சி என்று தரம் கொடுப்பார்கள். ஒவ்வொரு பீடமும் தன்னுடைய மிகச் சிறந்த முயற்சி ஒன்றைக் காட்ட வேண்டும். தவராசா தன் பீடம் முழுவதையும் நினைவில் ஓடவிட்டுப் பார்த்தார். உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது உடையார்கட்டு நிலையம் ஒன்றுதான். அவர் உடனே புறப்பட்டு அங்கே வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. வாங்கில் இருந்தவர்களுக்கு நடுவே நடந்து, சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து பார்த்தார்.

"எல்லாம் வடிவாத்தான் நடக்குது. ஆனா நடக்கிறதுக்கு ஆதாரம் இல்லை" என்றார். "ஆதாரம் இல்லாட்டில் நடக்கேல்லை எண்டுதான் அவை எடுப்பினம். ஒரு ஐஞ்சு கிழமை இதைப் பூட்டுங்கோ. கோப்புகளைத் தயாரிப்பம், பெயின்ற் அடிப்பம். ஆக்கள் வந்து போய்க்கொண்டிருந்தா சுவரில கை படும்."

ஜவாஹிர் ஐந்து கிழமைக்கு ஆட்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார்.

"ஆசுபத்திரிக்குப் போகட்டும். நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ, இவை பன்னிரண்டு வருசமா வருத்தத்தோட இருக்கிற சனம். ஐஞ்சு கிழமை இவைக்கு ஒரு காரியமோ? ஏ தரம் வந்தா துறைத் தலைவருக்கு ஆறு புள்ளி. உங்கட கோவையில ஆறுதான் குறையுது. நான் எண்ணிப் பார்த்தனான்."

ஜவாஹிர் மூன்று நாள் மறுத்தார். நாலாம் நாள் அறிவித்தலில் கையெழுத்து வைத்தார். அந்த ஆறு புள்ளியை அவர் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைத்தார். ஐந்து கிழமைதானே என்றும் நினைத்தார். சலரோகக்காரருக்கும் பிறசர்காரருக்கும் இரண்டு மாதத்துக்குக் காணும்படி குளிசை கொடுத்துவிட்டுத்தான் பூட்டினார். அறிவித்தலைப் பீடத்திலிருந்தே அடித்து அனுப்பியிருந்தார்கள். உள்ளகத் தர உறுதிப்பாட்டுப் பணிகள் காரணமாக இந்நிலையம் மறு அறிவித்தல் வரை மூடப்பட்டிருக்கும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே துறைத் தலைவரின் கையெழுத்தும் இறப்பர் முத்திரையும். சிவலட்சுமி அதைப் படலையில் ஒட்டினா. ஆசுபத்திரிக்குப் போகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஜவாஹிர் கேட்டிருந்தார். தாளில் இடம் போதவில்லை என்றார்கள்.

பிறகு கோப்புகள் பிறந்தன. நீலக் கோப்பு நோயாளி திருப்திக்கு. பச்சைக் கோப்பு நோயாளி பாதுகாப்புக்கு. மஞ்சள் கோப்பு காத்திருக்கும் நேரத்துக்கு. நிலையம் பூட்டியிருந்ததால் காத்திருக்கும் நேரம் சராசரி நாற்பது நிமிடத்திலிருந்து சைபருக்கு இறங்கியிருந்தது. அதை வரைபடமாகப் போட்டபோது மிக அழகாக வந்தது, தவராசா அதைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டச் சொன்னார். இரண்டு அறையும் நாலு கதவும் உள்ள கட்டடத்தில் தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடுவது என்பதற்கு எட்டுப் பக்கத்தில் ஒரு திட்டம் எழுதப்பட்டது. பழைய வாங்குகளை அகற்றிவிட்டுப் பஞ்சு வைத்த கதிரைகள் போட்டார்கள், பொலித்தீன் கழற்றாமல். நிறை பார்க்கும் தராசு துருப்பிடித்திருந்ததால் களஞ்சிய அறைக்குப் போனது. அது நின்ற இடத்தில் நிலையத்தின் தூரநோக்கு வாசகம் மூன்று மொழிகளில் தொங்கியது.

சிவலட்சுமி இருபத்தாறு வருடம் தாதியாக வேலை செய்தவ. இப்போது பகல் முழுவதும் முந்திய வருடங்களின் திகதிகளைப் போட்டுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தா. முதல் மூன்று நாளும் தேடி வந்தவர்களுக்குப் பின்கதவால் மருந்து கட்டிக்கொண்டுதான் இருந்தா. பெயின்றில் ஒரு குழந்தையின் கை அடையாளம் விழுந்ததைக் கண்ட பீடாதிபதி பின்கதவுக்கும் பூட்டுப் போட்டார்.

"சேர், நான் ஒண்டு கேக்கட்டோ?" என்று அவ ஒருநாள் ஜவாஹிரைக் கேட்டா. "இந்தக் கோப்பெல்லாம் ஆருக்கு வருத்தம் மாத்தப் போகுது?"

ஜவாஹிர் அப்போது நோயாளியை மையப்படுத்திய பராமரிப்பு என்ற தலைப்பில் முப்பத்திரண்டு சிலைட் செய்துகொண்டிருந்தார்.

மதிப்பீட்டு நாளன்று மூன்று பேராசிரியர்களும் குளிரூட்டிய வானில் வந்து இறங்கினார்கள். மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, கோப்புகளைச் சுற்றிக் காட்டினார்கள். நோயாளிகளோடும் பேச வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதைத் தவராசா எதிர்பார்த்திருந்தார். உண்மையான நோயாளிகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர்கள் என்பதால் பீடத்து நிதிக் கிளையிலிருந்து ஆறு எழுதுவினைஞர்களைக் கூட்டி வந்து பஞ்சுக் கதிரைகளில் இருத்தியிருந்தார். முதலில் இருந்தவன் நிஷாந்தன். அவனுக்குச் சலரோகம் ஒதுக்கப்பட்டிருந்தது. எவ்வளவு காலமாகச் சலரோகம் என்று குழுத் தலைவர் கேட்டார். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என்று நிஷாந்தன் உண்மையைச் சொன்னான். ஒத்திகை தொடங்கிய நாள் அது. டொக்டர் உங்களோடு எப்படிப் பழகுவார் என்று கேட்டதற்கு, சுற்றறிக்கையின்படி பழகுவார் என்றான். குழுத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஜவாஹிர் இருபத்துமூன்றாவது சிலைட்டில் நின்றபோது சிவலட்சுமி வாசலில் வந்து நின்றா. வழமையாக அவ இப்படிக் குறுக்கே வருபவ அல்ல. முகத்தைப் பார்த்ததும் ஜவாஹிர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

படலைக்கு வெளியே ஓட்டோ ஒன்று நின்றது. காவலாளி அதை உள்ளே விடவில்லை. பின்னால் பழனியாண்டி சாய்ந்து கிடந்தார், பக்கத்தில் அவர் மனைவி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து தாய் தகப்பனோடு பதின்மூன்று வயதில் வன்னிக்கு வந்தவர் பழனியாண்டி. கச்சான் கடலை பயிரிடுவார், கூலிக்கும் போவார். பன்னிரண்டு வருடமாகச் சலரோகம். நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு கிளினிக் தவறாமல் வந்தவர். அவருடைய இடது கால் பழைய சாரத் துணியால் சுற்றப்பட்டிருந்தது. துணியை அவிழ்க்கும் முன்பே ஜவாஹிருக்கு மணத்தில் விளங்கிவிட்டது. அவிழ்த்தார். விரல்கள் கறுத்து, கறுப்பு புறங்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

எப்போது தொடங்கியது என்று கேட்டார். கச்சான் தோட்டத்தில் முள் குத்தியது, நாலு கிழமைக்கு மேலிருக்கும் என்றார் பழனியாண்டி. முதலில் சின்னக் காயம்தான்.

"ஏன் ஆசுபத்திரிக்குப் போகேல்லை?" ஜவாஹிருக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பழனியாண்டி குற்றம் செய்தவரைப்போலக் கண்ணைத் தாழ்த்தினார். "இங்கதான் முதல்ல வந்தேங்க. பூட்டியிருந்திச்சு. படிச்சுப் பார்த்தேன், மறு அறிவித்தல் வரைன்னு போட்டு ஐயா கையெழுத்து இருந்திச்சு. ஐயா கையெழுத்து வச்சிருக்காரு, அப்ப எங்கள விட்டுட மாட்டாரு, இன்னைக்கு நாளைக்கு அறிவிப்பாருன்னு இருந்துட்டேன். தினமும் விடியக்காலயில வந்து பார்த்துட்டுத்தாங்க போனேன்."

ஜவாஹிர் நாற்பது பக்கத்தில் கேட்டிருந்த கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் உண்டு என்று அவர் எண்ணியிருக்கவில்லை. ஒரே வைத்தியரையே பன்னிரண்டு வருடம் நம்பியதால் இந்த மனிதர் நாலு கிழமை காத்திருந்திருக்கிறார். கோபம் வந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும். கோபப்பட அங்கே அவருக்குத் தன்னைத் தவிர ஆள் இருக்கவில்லை.

தன் காரைப் பின்னுக்கு எடுத்து, காவலாளியோடு சேர்ந்து பழனியாண்டியைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினார். தவராசா விறாந்தைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"ஜவாஹிர், இன்னும் ஒன்பது சிலைட் இருக்கு."

"நீங்கள் காட்டுங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு ஜவாஹிர் காரை எடுத்தார்.

ஆசுபத்திரியில் அவர்களால் செய்யக்கூடியதைச் செய்தார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. சம்மதக் கையெழுத்து வைக்கும் முன் பழனியாண்டி, ஐயா வைக்கச் சொல்கிறாரா என்று கேட்டனுப்பினார். ஜவாஹிர் வாட்டுக்குப் போய், வைக்கத்தான் வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து ஷிஹானாவிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

அடுத்த திங்களன்று அவர் ஒரு அறிவித்தலும் ஒட்டாமல் நிலையத்தைத் திறந்தார். தராசைத் தூக்கி வந்து தூரநோக்குக்கு முன்னால் வைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. ஏ தரம். நோயாளிகளின் நெரிசலோ இரைச்சலோ இல்லாத அமைதியான சூழலைக் குழு விசேடமாகப் பாராட்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தைச் சைபருக்குக் கொண்டுவந்தது நாட்டிலேயே முதல் தடவை என்று எழுதியிருந்தது. துறைத் தலைவர் தம் உரையை இடையில் நிறுத்திவிட்டு நோயாளி ஒருவரைத் தம் சொந்த வாகனத்தில் ஏற்றிச் சென்று காட்டிய நேரடிச் செயல்விளக்கம் தங்களை நெகிழச் செய்ததாகவும், இதுபோன்ற செயல்விளக்கங்களை மற்றப் பீடங்களும் தத்தம் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்றும் பரிந்துரைத்திருந்தது. தவராசா அந்தப் பந்தியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். "நல்ல யோசனை, ஜவாஹிர். முதலே சொல்லியிருந்தா நான் படம்பிடிக்க ஆள் வச்சிருப்பன்" என்றார். அவர் பகிடி விடவில்லை.

நேர்முகத் தேர்வு உபவேந்தரின் மண்டபத்தில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப்பக்கம் ஏழு பேர், இந்தப்பக்கம் ஜவாஹிர். அவருடைய கோவையைப் புரட்டிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஒரு புள்ளி கூடுதலாக வந்தது, இன்னொருவருக்கு அரைப் புள்ளி குறைந்தது, திரும்பக் கூட்டினார்கள். கடைசியில் உபவேந்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் துறைக்கு நீங்கள் செய்த மிக முக்கியமான பங்களிப்பு எதுவென்று கருதுகிறீர்கள் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஷிஹானாவும் அவரும் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார்கள். ஜவாஹிர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"நிலையம் நடக்குது எண்டு காட்டுறதுக்காக அதை ஐஞ்சு கிழமை பூட்டினன். எனக்கு ஆறு புள்ளி வரும் எண்டுதான் கையெழுத்து வச்சனான். என்ர கையெழுத்தை நம்பி ஒரு மனிசன் காத்திருந்து கால் போச்சு. என்னைத் தெரியாத ஆளெண்டா அடுத்த நாளே ஆசுபத்திரிக்குப் போயிருப்பார். என்னைத் தெரிஞ்சபடியால்தான் போகேல்லை. பன்னிரண்டு வருசத்தில நான் கண்டுபிடிச்சது இதுதான்."

ஏழு பேரில் ஒருவர், வயதானவர், தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று ஜவாஹிர் நினைத்தார். சொன்னது உபவேந்தர்.

"மிக முக்கியமான அவதானிப்பு. இதைப் பிரசுரிச்சிருக்கிறீங்களோ?"

"இல்லை."

"அதுதான் உங்களிட்ட இருக்கிற குறை. நல்ல விசயங்கள் இருக்குது, பதிவில இல்லை. சம்பந்தப்பட்டவரிட்ட சம்மதம் எடுத்து எழுதினீங்கள் எண்டால் ஒண்டரைப் புள்ளிக்கு இடமிருக்கு."

தலையைக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அவர் நித்திரை.

ஆனாலும் பதவி கிடைத்தது. ஏ தரம் பெற்ற துறைக்குத் தலைவர் பேராசிரியராக இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு அழகில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். கடிதம் நாலு பக்கம். பேராசிரியர் என்ற வகையில் அவர் பதினொரு குழுக்களில் அங்கம் வகிக்க வேண்டும். உடையார்கட்டு நிலையம் சிறப்பு மையமாகத் தரமுயர்த்தப்படும். சிறப்பு மையத்தின் தரத்தைப் பேணும்பொருட்டு நோயாளிகளைப் பார்ப்பது மாதத்தில் ஒரு காலையாக மட்டுப்படுத்தப்படும்.

ஜவாஹிர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதிவாளரிடம் போனார். பதிவாளர் ஜெயந்தன் நிதானமான ஆள், விதிக்கோவையை நித்திரையிலும் சொல்லக்கூடியவர். கதிரையைக் காட்டி, வாழ்த்துச் சொல்லி, ஏற்றுக்கொள்ளும் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"எனக்கு இது வேண்டாம். மறுக்கிறதுக்கு என்ன படிவம்?" என்று கேட்டார் ஜவாஹிர்.

ஜெயந்தன் விதிக்கோவையை எடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். பதவி கேட்பதற்குப் படிவம் இருந்தது. கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்யவும் இருந்தது. பதவியிலிருந்து விலகவும், பதவியில் இருக்கும்போது இறக்கவும்கூடப் படிவம் இருந்தது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை, டொக்டர். நீங்கள் கடிதமாத் தாங்கோ. இதை ஆராய ஒரு குழு போட வேணும். குழுவின்ர முடிவு வரும்வரைக்கும் உங்களைப் பேராசிரியர் எண்டும் சொல்லேலாது, சிரேஷ்ட விரிவுரையாளர் எண்டும் சொல்லேலாது. அந்தப் பதவி வெற்றிடமாப் போச்சு."

"அப்ப நான் ஆர்?"

"அதைத்தான் குழு பார்க்கும்" என்றார் ஜெயந்தன் மிகுந்த அக்கறையோடு.

அடுத்த மாதத்திலிருந்து அதன் பலன் தெரியத் தொடங்கியது. எந்தப் பதவிப் பெயரைப் போட்டு அழைப்பது என்று தெரியாததால் பீடக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. பதினொரு குழுக்களும் அவருடைய பெயருக்கு நேரே வெற்றிடம் விட்டுக் கூடிக் கலைந்தன. சுற்றறிக்கைகள் வரவில்லை. சிறப்பு மையத்துக்குப் பேராசிரியர் ஒருவர் உறுதியாகும்வரை தரமுயர்த்தலும் நிறுத்தி வைக்கப்பட்டது. சம்பளம் மட்டும் பழக்க தோஷத்தில் வந்துகொண்டிருந்தது. மாதக் கடைசிப் புதன்கிழமைக் கூட்டத்தையும் ஜவாஹிர் விட்டுவிட்டார். தலைவர் யாரென்று தெரியாத துறைக்குக் கூட்டம் கூட்ட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. இப்போது அவர் கிழமையில் ஐந்து நாளும் உடையார்கட்டுக்குப் போகிறார். தொழுதுவிட்டுக் கேட்கிற துஆக்களில், அந்தக் குழுவுக்குப் போதிய ஆட்கள் ஒருநாளும் ஒன்றாகச் சேராமலிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார். இதுவரை அது கபூலாகித்தான் வருகிறது.

களைப்பு மட்டும் போகவில்லை. முன்பு அது தனியே கூட்டம் நடத்திய புதன்கிழமைக் களைப்பாக இருந்தது, இப்போது வேறு மாதிரி. வாங்குகளைத் திரும்பக் கொண்டுவந்து போட்ட பிறகும், பெயின்ற் முழுக்கக் கை அடையாளங்கள் விழுந்த பிறகும், காலையில் காரை நிறுத்தும்போது அவர் படலையை நேரே பார்ப்பதில்லை.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை பழனியாண்டி ஊன்றுகோலோடு வந்தார். ஒரு மாதமாகக் காய்ச்சலும் மழையும் என்று வராமலிருந்தவர். ஜவாஹிர்தான் இடையில் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தார். சிவலட்சுமி வரிசையில் முன்னுக்கு வரச் சொன்னதற்கு, எல்லாரும்தானே வருத்தத்தோட இருக்காங்க என்று மறுத்துவிட்டுத் தன் நம்பருக்குக் காத்திருந்தார். முறை வந்ததும் உள்ளே வந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். கொப்பியை மேசையில் வைத்தார். சீனி பரவாயில்லை. கச்சான் இந்த முறை மருமகன்தான் போடுகிறான் என்றார். பொய்க்காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், எப்போது வரும் என்று தெரியாது என்றார். ஜவாஹிர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பழனியாண்டி கொஞ்சம் தயங்கினார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். கேட்டுல நிக்கிற தம்பி ஒங்கள பேராசிரியர்னு சொல்றாரு. நர்ஸ் மிஸ்ஸி இல்லேங்கிறாங்க. இனிமே ஒங்கள என்னன்னுங்க கூப்பிடுறது?"

ஜவாஹிர் பேனையை மூடி வைத்துவிட்டு, கதிரையைத் தள்ளி எழும்பி வந்து, அவருக்கு முன்னால் சீமெந்து நிலத்தில் குந்தினார்.

"மற்றக் காலைக் காட்டுங்கோ" என்றார்.